இசையின் இனம் அறிதல்

(கல்முனையில் கலை இலக்கிய அன்பர்கள் கூடியிருந்த அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு பாட்டைக் கேட்டு இன்புறுவது மனிதர் யாவர்க்கும் பொதுவான இயல்பாயிருக்க, அந்தப் பாட்டு எந்த வகையைச் சேர்ந்தது, எந்தச் சம்பிரதாயத்தின் வழிவந்தது, எந்தச் சமூகத்தாருக்கு உரியது என்று தீர்ப்புச் சொல்லும் காரியம் மாத்திரம் ஒரு சிலரிடத்தே தங்கிவிடுகின்றது. வானொலியில் எது ஒலிபரப்பாகும், பாடநூலில் எது அச்சேறும், விழா மேடைக்கு எவர் அழைக்கப்படுவர் என்பவையெல்லாம் அந்தச் சிலருடைய தீர்ப்பினால் நிச்சயமாகின்றன. எந்தப் பாட்டு எவராலும் எழுதப்படாமலும் பதிவு செய்யப்படாமலும், அதைப் பாடிய மூதாட்டியோடு சேர்ந்து கபுறுக்குள் போகும் என்பதும் அதே தீர்ப்பினால்தான் நிச்சயமாகின்றது. ஆகையால், மருதமுனை தொடங்கிக் கல்முனைக்குடி, சாய்ந்தமருது, சம்மாந்துறை, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று நீண்டு கிடக்கும் நமது முஸ்லிம் ஊர்களின் இசையென்று எதனைச் சொல்லலாம், எதனைச் சொல்லலாகாது, அதைச் சொல்லுவதற்குப் பிரமாணம் யாது என்ற கேள்வியை இன்று உங்கள் முன்னே எடுத்துக்கொள்கிறேன்.

இக்கேள்விக்கு நம்மிடையே வழங்கும் விடைகள் ஒன்றோடொன்று பொருந்துவனவல்ல. இறைவனையும் இறைதூதரையும் புகழும் சொற்கள் அமைந்த கீதங்களே முஸ்லிம்களின் இசை என்று சிலர் கூறுவர். வாத்தியம் கலந்த எந்தப் பாட்டுக்கும் அந்தப் பெயர் தகாது, வாய்ப்பாட்டும் மிஞ்சினால் தஃப் என்னும் பறையுமே போதும் என்று வேறு சிலர் கூறுவர். முஸ்லிம் ஒருவர் பாடினால் அது முஸ்லிம்களின் இசைதானே என்று எளிதாக முடித்துவிடுபவர்களும் உளர். மார்க்கச் சட்டப்படி எது ஆகும், எது ஆகாது என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அது உலமாக்களின் பொறுப்பு. வயலிலும் வீட்டிலும் கடற்கரையிலும் நம் ஜனங்கள் நெடுங்காலமாகப் பாடிவந்தவற்றை இனம் பிரிக்கும் முறையைப் பற்றியதே என் பேச்சு.

இந்த விவகாரம் நமக்கு மாத்திரம் நேர்ந்ததன்று. இங்கிலாந்திலே கோத் என்று பெயர் வழங்கும் ஓர் இசைவகை உண்டு. மேளத்தின் கனத்த அடியும், பாட்டை முன்நின்று நடத்திச் செல்லும் பேஸ் கிதாரும், ஆழத்திலிருந்து எழும் ஆண் குரலும், மரணத்தையும் தனிமையையும் இருட்டையும் விட்டகலாத பொருளும் அதன் லட்சணங்கள் என்பர். 1979ஆம் ஆண்டிலே பௌஹாவுஸ் என்னும் குழுவினர், திரைப்படத்தில் டிராகுலாவாக நடித்த பேலா லுகோசியின் பெயரை வைத்து, ஒன்பது நிமிஷங்களுக்கும் மேலாக நீளும் ஒரு பாட்டை வெளியிட்டார்கள். இந்த வகையின் தொடக்கமென்று பலரும் அதனையே காட்டுகின்றனர். சூக்ஸி அண்ட் த பான்ஷீஸ், த கியூர், த சிஸ்டர்ஸ் ஒஃப் மேர்சி என்னும் குழுக்களும் அந்த வரிசையில் வைக்கப்படுகின்றன. எந்தக் குழு உள்ளே, எந்தக் குழு வெளியே என்று அதன் ரசிகர்கள் நாற்பது வருஷங்களுக்கு மேலாக வாதிட்டு வருகிறார்கள். இன்னும் அவ்வாதம் ஓயவில்லை.

அந்த வாதத்திலே நாம் கற்றுக்கொள்ளத்தக்க நுட்பங்கள் சில உண்டு. கோத் இசையின் தூண்களென்று எல்லாராலும் எண்ணப்படுகின்ற பாடகர்களே அந்தப் பெயரை ஏற்க மறுத்தார்கள். சிஸ்டர்ஸ் ஒஃப் மேர்சியின் அன்ட்ரூ எல்ட்ரிச் தம்மை அப்படி அழைப்பதை வெளிப்படையாக வெறுத்தார். கியூர் குழுவின் ரொபேர்ட் ஸ்மித், தம்முடைய குழு அந்த வகையைச் சேர்ந்ததன்று என்று பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமற்போகவில்லை: 1982இல் இருளே உருவான ஓர் இசைத்தட்டை வெளியிட்ட அதே குழுதான், பத்து வருஷங்களுக்குப் பின்னர் வெள்ளிக்கிழமை வந்த காதலைப் பற்றித் துள்ளலான பாட்டொன்றைப் பாடிற்று. மறுபுறத்திலே, கறுப்பு ஆடையையும் வெளிறிய முகப்பூச்சையும் மாத்திரம் பார்த்துவிட்டு மர்லின் மன்சன் என்ற பாடகரை ஊரார் அந்த வகையிலே சேர்க்க, அந்த இசையிலே தோய்ந்தவர்களோ அவருடைய பாட்டின் வம்சாவளி வேறென்று சொல்லி ஒதுக்கினார்கள். 1967ஆம் ஆண்டிலேயே அமெரிக்க எழுத்தாளர் ஒருவர் த டோர்ஸ் என்னும் குழுவின் பாட்டைக் கோதிக் ரொக் என்று வர்ணித்திருந்தும், இன்று அவர்களை முன்னோர் வரிசையில் வைப்பாரன்றி உள்ளே அமர்த்துவார் அரியர். ஆக, பாடுபவர் தமக்குச் சூட்டிக்கொள்ளும் பெயரும் பிரமாணமாகவில்லை. பத்திரிகை சூட்டும் பெயரும் ஆகவில்லை. உடுத்த உடையும் ஆகவில்லை.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் உடையை வைத்து இனம் பிரிப்பதனால் விளையும் தீங்கு சிறிதன்று. 1999இலே கொலராடோ மாநிலத்தின் கொலம்பைன் பள்ளிக்கூடத்தில் இரு மாணவர்கள் நிகழ்த்திய கொலைகளுக்குப் பிறகு, அமெரிக்கப் பத்திரிகைகள் பல அந்த இசையின் மீதும் அதைக் கேட்கும் இளைஞர்கள் மீதும் பழியைச் சுமத்தின. கறுப்பு உடுத்த பிள்ளைகள் பள்ளிக்கூடங்களிலே சந்தேகத்தோடு நோக்கப்பட்டார்கள். ஒரு கூட்டத்தாரை அவர்களுடைய பாட்டைக் கேளாமலே வகைப்படுத்துவது எத்துணைக் கொடுமை என்பதை நம்மவர்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

பெயரும் உடையும் பாடுபவரின் சொல்லும் பயன்படாவிட்டால், அந்த இசைக்கு இனம் ஒன்று எப்படி ஏற்பட்டது? 1982இலே லண்டன் மாநகரின் சோஹோ பகுதியில் பாட்கேவ் என்ற இரவுக்கூடம் திறக்கப்பட்டது. அங்கே கூடியவர்கள் இன்ன பாட்டுகளை விரும்பிக் கேட்டார்கள், இன்ன பாட்டுகளுக்கு ஆடினார்கள், இன்னவற்றை ஒருவர்க்கொருவர் கொடுத்து வாங்கினார்கள் என்ற பழக்கம் ஒரு பரம்பரையாகத் திரண்டது. ஜெர்மனியின் லைப்சிக் நகரத்திலே 1992 முதல் நடந்துவரும் பெருவிழாவுக்கு ஆயிரக்கணக்கானோர் வந்து கூடுவதும் அப்பரம்பரையின் தொடர்ச்சியே. ஒரு குறித்த காலத்திலே, ஒரு குறித்த இடத்திலே, ஒரு குறித்த கூட்டத்தார் கூடி, ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்ட பாட்டுகள் ஓர் இனமாயின என்பதே நான் அதிலிருந்து கொள்ளும் முடிபு.

இந்த மூன்றையும் லண்டனிலிருந்து இறக்குமதி செய்துகொண்டு வந்தேனென்று எவரும் எண்ணவேண்டாம். பக்தாது நகரத்து ஸூபி ஞானி ஜுனைத் அவர்கள், ஸமாஃ எனப்படும் இசைகேட்டலுக்குக் காலம், இடம், உடனிருக்கும் சகோதரர்கள் ஆகிய மூன்றும் வேண்டுமென்று உரைத்ததாக இமாம் கஸ்ஸாலி அவர்கள் தமது இஹ்யா என்னும் நூலிலே எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். இசை கேட்பது எப்போது தகும் என்பதற்குச் சொல்லப்பட்ட அந்த மூன்றையும், ஒரு பாட்டு எந்த இனத்தது என்று அறிவதற்கும் கொள்ளலாம் என்பது அடியேனுடைய அபிப்பிராயம்.

பெருநாள் ஒன்றிலே அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடைய இல்லத்திலே இரண்டு சிறுமியர் பாடிக்கொண்டிருக்க, அபூபக்கர் (ரலி) அவர்கள் வந்து கடிந்ததும், இது பெருநாள், அவர்களை விட்டுவிடுங்கள் என்னும் கருத்துப்பட நபி (ஸல்) அவர்கள் தடுத்ததும் ஹதீஸ் நூல்களால் நாம் அறிந்த நிகழ்ச்சி. அந்தச் சிறுமியர் பாடியது, இஸ்லாம் மதீனாவை அடையுமுன்னர் அங்கேயிருந்த குலத்தார் தமக்குள் பொருத புஆத் போரைப் பற்றிய பாட்டு. அதிலே துதி இல்லை. மார்க்க உபதேசம் இல்லை. நாள் பெருநாளாயிருந்தது, வீடு நபியுடைய வீடாயிருந்தது. பாட்டின் சொல்லை மாத்திரம் நிறுத்துப் பார்ப்பவர்கள் இந்நிகழ்ச்சியை ஆழ்ந்து சிந்திக்க வேண்டும்.

இனி நம்முடைய வயல்வெளிக்கு வருவோம். கல்ஓயாத் திட்டத்து நீர் வந்து பாய்வதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே, மாரிப் போகத்திலே நம் ஊர்களின் ஆண்மக்கள் வீட்டை விட்டு வட்டைக்குப் போய், வாடியிலே தங்கி, பன்றியும் யானையும் பயிரை அழிக்காதபடி பரண்மீது இருந்து இராக்காவல் காத்தார்கள். ஒரு பரணிலிருந்து மறு பரணுக்கு எட்டும்படி குரலை நீட்டி இழுத்து அவர்கள் பாடியவைதாம் கவிகள். நாலு அடி, பக்கவாத்தியம் ஒன்றும் இல்லை, தாளக்கட்டுக்கூட இறுக்கமாக இல்லை, இருளும் தூரமும் அந்த இசையின் அமைப்பையே தீர்மானித்தன என்று சொல்லலாம். பாடுபொருளோ பெரும்பாலும் மச்சானும் மச்சியும் ஒருவரையொருவர் நினைந்து உருகுவதும், ஊடுவதும், ஏசிக்கொள்வதும், கலியாணம் பேசி முறிந்துபோனதை எண்ணி நோவதுமே.

பெண்ணின் குரலிலே அமைந்த கவிகளை நான் தனியாகக் குறிப்பிட விரும்புகிறேன். நம் பகுதியிலே குடிவழி தாய்வழியாக வருவது. வீடு பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுக்கப்படுவது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பவர். தனக்கென்று ஒரு வீட்டையும் தன்னைச் சூழத் தாயையும் சகோதரிகளையும் உடைய அந்தப் பெண், கவியிலே பேசும்போது கெஞ்சுபவளாக மாத்திரம் பேசுவதில்லை. கேள்வி கேட்பவளாகவும், வாக்குத் தவறியவனைக் கண்டிப்பவளாகவும் பேசுகிறாள். அரபு நாட்டு இலக்கியத்தையும் தமிழகத்து முஸ்லிம் புலவர்களின் கிஸ்ஸாவையும் முனாஜாத்தையும் போற்றும் நாம், இந்த மண்ணிலேயே பிறந்த இக்குரலை நம்முடையது என்று சொல்லத் தயங்குவதற்குக் காரணம் யாது? மார்க்கச் சொல் அதிலே இல்லை என்பது ஒன்று. பெண்ணின் ஆசையை அது மறையாமல் சொல்லுகிறது என்பது மற்றொன்று. முந்திய காரணத்துக்கு மேலே விடை கூறிவிட்டேன். பிந்திய காரணம் ஒரு பாட்டைப் பொது மேடையிலே பாடலாமா என்ற கேள்விக்கு வேண்டுமானால் பொருந்தும். அது யாருடைய பாட்டு என்ற கேள்விக்கு அணுவளவும் பொருந்தாது. நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் இக்கவிகளைத் தேடித் திரட்டியிராவிட்டால் இன்று நாம் இவ்வளவும் பேசுவதற்கு ஆதாரமே இருந்திராது.

கவி முஸ்லிம்களுக்கு மாத்திரம் உரியதா என்று கேட்பீர்களாயின், அன்று என்பதே உண்மையான விடை. அடுத்த வட்டையிலே காவலிருந்த தமிழ்ச் சகோதரனும் அதே மெட்டிலே பாடினான். நமது கலியாண வீடுகளிலும் சுன்னத்துக் கலியாணங்களிலும் பெண்கள் இட்ட குரவை, பக்கத்துத் தமிழ் ஊரிலும் அதே நாவசைவோடு எழுந்ததுதான். களவெட்டியிலே சூடடிக்கும்போது எழுந்த பொலிப் பாட்டும் அப்படியே. ஓர் இசை இரண்டு சமூகத்தாருக்கு உரியதாயிருப்பதனால் அது ஒருவருக்கும் உரியதல்லாததாகிவிடாது. நிலத்துக்கு உறுதி எழுதுவதுபோல இசைக்கு எழுத முடியாது. இசைக்குப் பிரமாணம் தேடிய பெரியார் ஒருவரும் இந்தக் கரையிலே இருந்தார்: காரைதீவிலே 1892இல் தோன்றிய விபுலாநந்த அடிகள், சிலப்பதிகாரத்தின் இசைக்குறிப்புகளை ஆதாரமாகக் கொண்டு மறைந்துபோன யாழ்களையும் பண்களையும் மீட்டெடுக்க முயன்று, தமது வாழ்நாளின் கடைசி ஆண்டாகிய 1947இலே யாழ்நூலை வெளியிட்டார். அதே காலத்திலே தமிழகத்திலே தமிழிசை இயக்கத்தார் மொழியைப் பிரமாணமாக வைத்து இசையின் உரிமையை வாதாடிக்கொண்டிருக்க, அடிகளாரோ நரம்பையும் சுருதியையும் பிரமாணமாக வைத்துக் கணக்கிட்டார். 1942இலே கல்முனையில் அரசாங்க உதவி அதிபராகப் பணிபுரிந்த அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் அடிகளாரோடு நட்புப் பூண்டிருந்தார் என்பதை நினைக்கும்போது, அவ்விருவரும் கூடியிருந்த இந்தக் கரையிலே நம் கவிகளுக்கும் ஒரு யாழ்நூல் எழுதப்படாமற் போயிற்றே என்ற ஏக்கம் எனக்கு உண்டாகின்றது.

பக்கீர்மாரின் இசை இதனினும் சிக்கலான விஷயம். றிபாயி தரீக்கா என்னும் ஸூபி வழியைச் சேர்ந்த பாவாமார் றபானை அடித்துக்கொண்டு பாடும் பைத்தும், கந்தூரிக் காலங்களிலே நிகழ்த்தும் றாத்தீபும் சமயச் சொற்களே நிரம்பியவை. ஆகவே சொல்லைப் பிரமாணமாகக் கொள்பவர்கள் அவற்றை முதலிலே சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் நடப்பது வேறு. நாகூர் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ் அவர்களின் நினைவாக நமது கடற்கரைப் பள்ளியிலே ஜமாதுல் ஆகிர் மாதத்தில் கொடியேற்றும் விழாவும், அதனைச் சூழ்ந்த பாட்டும் பறையும், மார்க்கத்திலே பிற்காலத்தார் புகுத்தியவை என்ற ஆட்சேபம் சில பத்தாண்டுகளாக வலுத்திருக்கிறது. அந்த ஆட்சேபத்தின் நியாயத்தை உலமாக்கள் ஆராய்வார்களாக. நான் சொல்லுவது இவ்வளவே: ஒரு வழிபாட்டு முறையை ஏற்காதவர் அதனை விட்டு விலகலாம், அதனோடு பிறந்த இசை நம் ஊரிலே இருந்ததில்லை என்று எழுத எவருக்கும் உரிமை இல்லை. நோன்புக் காலத்திலே சஹருக்கு முன்பு தெருத் தெருவாக வந்து றபான் அடித்துப் பாடி ஊரை எழுப்பிய பக்கீரின் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் இந்த அவையிலேயே பலர் இருக்கிறீர்கள்.

இஸ்லாமிய கீதம் என்று இன்று நாம் எல்லாரும் சந்தேகமின்றி ஏற்றுக்கொள்ளும் பாட்டுகளோ, இசையின் வம்சத்தை மாத்திரம் நோக்கினால், நமக்கு மிகத் தூரத்து உறவு. ஆர்மோனியமும் தபேலாவும் வயலினும் கூடிய அந்த மேளக்கட்டுத் தமிழ்த் திரைப்படப் பாட்டிலும் நாடக மேடையிலும் வளர்ந்தது. அந்தக் கீதங்களின் தனிப்பெருங் குரலாக விளங்கிய நாகூர் இ. எம். ஹனிபா அவர்கள் (1925–2015), திராவிட முன்னேற்றக் கழகத்தின் மேடைகளிலே கட்சிப் பாட்டுகளையும் அதே கம்பீரத்தோடு பாடினார்கள். பாடுபவரின் மதமே பிரமாணமாயின் அந்தக் கட்சிப் பாட்டுகளும் இஸ்லாமிய கீதங்களாதல் வேண்டும். சேலத்திலே பிறந்து இலங்கைக்கு வந்து சிங்களத்திலே பௌத்த பக்திப் பாடல்களைப் பாடிப் புகழ்பெற்ற மொஹிதீன் பேக் அவர்களுடைய வெசாக் பாட்டுகளும் அவ்வாறே ஆதல் வேண்டும். அது பொருந்தாது என்பதை எவரும் ஒப்புவர். எனினும் ஹனிபாவின் சமயப் பாட்டு நம்முடையதாயிற்று. எவ்வாறு? இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவையிலே அது ஒலித்தது. கலியாண வீட்டு வாசலிலே கட்டிய ஒலிபெருக்கியிலே அது ஒலித்தது. பெருநாள் காலையிலே புத்தாடை உடுத்த பிள்ளைகளின் செவியிலே அது நிறைந்தது. காலமும் இடமும் கூட்டத்தாரும் சேர்ந்து, தூரத்து உறவைத் தத்தெடுத்துச் சொந்தப் பிள்ளையாக்கிவிட்டன. இதனை நான் மனநிறைவோடு ஏற்கிறேன். ஆனால் தத்துப்பிள்ளைக்கு முற்றத்திலே இடங்கொடுத்துவிட்டு, வயிற்றிலே பிறந்த கவியை வாசலுக்கு வெளியே நிறுத்துவதை ஏற்கமாட்டேன்.

வாத்தியத்தைப் பிரமாணமாகக் கொள்ளும் இளைஞர்கள் இப்போது அதிகம். சுவீடனிலே வளர்ந்த மாஹிர் ஸைன் என்னும் பாடகரின் பாட்டுகள், வாத்தியத்தோடு ஒன்றும் குரல் மாத்திரமாக ஒன்றும் என்று இரு வடிவங்களில் வெளிவருவதை அவர்கள் அறிவார்கள். கற் ஸ்டீவன்ஸ் என்ற பெயரிலே உலகப் புகழ்பெற்றிருந்து 1977இல் இஸ்லாத்தைத் தழுவிய யூஸுப் இஸ்லாம் அவர்கள், தம்முடைய கிதார்களை விற்றுத் தருமத்துக்குக் கொடுத்துவிட்டு நெடுங்காலம் வாத்தியத்தைத் தொடாதிருந்து, பின்னர் 2006இல் கிதாரோடு கூடிய இசைத்தட்டை வெளியிட்டார். ஒரே மனிதரின் ஒரே வாழ்வுக்குள்ளேயே பிரமாணம் இருமுறை மாறுமாயின், அதனை ஒரு சமூகம் முழுவதற்கும் நிலையான அளவுகோலாக நாட்டுவது எளிதன்று. அன்றியும், வாத்தியம் கூடாதென்பதே பிரமாணமாயின், பரண்மீதிருந்து வெறுங்குரலாலே பாடிய கவியைப் போல அதற்கு இணங்கியது வேறொன்றில்லை!

என்னுடைய பிரமாணத்துக்கும் ஒரு குறை உண்டு. அதனை மறைப்பது முறையன்று. காலமும் இடமும் கூட்டமும் சேர்ந்துதான் இசையின் இனத்தை ஆக்குகின்றன என்றால், அவை மறைந்தபின் அந்த இசை என்னாகும்? அறுவடை இயந்திரம் ஒரு நாளிலே வயலை அறுத்து, அடித்து, மூட்டையாக்கித் தந்துவிடுகிறது. களவெட்டி இல்லை, பொலிப் பாட்டுக்கு இடம் இல்லை. மின்சார வேலி வந்தபின் பரணிலே இராவிழிக்கும் ஆட்கள் குறைந்தனர். கைத்தொலைபேசி சஹருக்கு எழுப்புகிறது. 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் வந்து, மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் கரையோரக் குடிமனைகளையும் அவற்றிலிருந்த முதியோர் பலரையும் கொண்டுபோனபோது, அவர்களுடைய நினைவிலிருந்த பாட்டுகளும் போயின. மேடையிலே ஒலிவாங்கியின் முன் நின்று பாடப்படும் கவி, பரணின் கவியாகாது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அதுவும் இல்லாமற் போவதைவிட அது இருப்பது நன்று; அதனோடு அது பிறந்த இடத்தைப் பற்றிய அறிவும் சேர்ந்திருக்குமாயின் இன்னும் நன்று.

ஆகவே இந்த அவையிலுள்ள இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள் விடுக்கிறேன். உங்கள் வீடுகளிலே எழுபது வயதைக் கடந்த மூத்தும்மா இருப்பாராயின், வட்டையிலே காவலிருந்த முதியவர் இருப்பாராயின், பொல்லடி என்னும் கோலாட்டத்துக்கு அண்ணாவியாராயிருந்தவர் இருப்பாராயின், இந்தக் கிழமையே அவர் அருகில் அமர்ந்து, அவருக்கு விருப்பமானதைப் பாடச் சொல்லி, கையிலிருக்கும் தொலைபேசியிலே பதிவு செய்யுங்கள். இது நம் இசையா, மார்க்கத்துக்கு அடுத்ததா, தமிழருடையதா, சினிமா மெட்டா என்று கேட்டு அவரை நிறுத்தாதீர்கள். பாட்டு முடிந்தபின், இதை யாரிடம் கேட்டீர்கள், எந்த மாதத்திலே, எந்த வேலையின்போது, யார் யார் கூட இருக்கப் பாடினீர்கள் என்று கேட்டு அவருடைய விடையையும் அதே பதிவிலே சேருங்கள். பதிவின் ஒரு பிரதியை வீட்டிலும், ஒரு பிரதியை ஊர் நூலகத்திலும் வையுங்கள். இனம் பிரிக்கும் வேலையைப் பின்வருவோர் செய்துகொள்வார்கள். பிரிப்பதற்கு அவர்களிடம் பாட்டுகள் இருக்க வேண்டும்.